கெஞ்சாமல் கிடைக்க வேண்டிய மருந்து

சம்பளத்துக்கும் வீட்டுக்கும் பாடுபட்டவர்களின் கதையைத்தான் நாம் வழக்கமாகப் பேசுவோம். இந்த வாரம் நாம் சொல்லப் போவது ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவின் வரலாறு. அவர் கேட்டது சம்பளம் அல்ல, வீடும் அல்ல. சாகக் கிடக்கும் மனிதனுக்கு வலி இல்லாத ஒரு ராத்திரியைக் கேட்டார். யாரோ மனமிரங்கிப் போடும் பிச்சையாக இருந்த அந்த நிம்மதியை, மணி அடித்தால் கைக்கு வந்து சேர வேண்டிய பாத்தியதையாக மாற்றிக் காட்டினார். அவர் பெயர் சிசிலி சாண்டர்ஸ்.

நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு முற்றிப்போன புற்றுநோய் புதிதல்ல. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். லயத்து வீட்டில் பாயைப் போட்டுப் படுக்க வைத்த பிறகு நடப்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அதற்கு வெட்கப்பட்டுத் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்த பெரியவர்கள் உண்டு. நாமும் தலையெழுத்து என்று சொல்லி வாசலில் உட்கார்ந்திருப்போம். அது தலையெழுத்தே இல்லை, ஆள் பார்த்துச் செய்யாமல் விட்ட வேலை என்று நிரூபித்தவர்தான் இந்த அம்மையார்.

மூன்று சீருடை

சிசிலி அம்மையார் 1918ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி இங்கிலாந்தில், லண்டனுக்கு வடக்கே உள்ள பார்னெட் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் வீடு, நிலம் வாங்கி விற்கும் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தவர். மூத்த பிள்ளை சிசிலி. அவருக்குப் பின் இரண்டு தம்பிகள். காசுக்குக் குறைவில்லை, ஆனால் வீட்டில் தாய்க்கும் தகப்பனுக்கும் ஒத்துப்போகவில்லை. பணக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ரோடீன் பள்ளிக்கூடத்தில் அவரைச் சேர்த்தார்கள். வயசுக்கு மீறிய உயரம், கூச்ச சுபாவம், கொஞ்சம் வளைந்த முதுகெலும்பு. மற்ற பிள்ளைகளோடு சேர முடியாமல் ஒதுங்கி நின்றார். ஒதுக்கப்பட்டவர்களின் மனசு அவருக்குச் சின்ன வயசிலேயே புரிந்துபோனது.

1938ல் ஆக்ஸ்போர்டில் அரசியலும் பொருளாதாரமும் படிக்கப் போனார். அடுத்த வருஷமே யுத்தம் வந்துவிட்டது. குண்டு விழும் காலத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1940ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அந்த வேலை அவருக்கு உயிராகிவிட்டது. ஆனால் நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகு விட்டுப்போனது. இனித் தாதி வேலை கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அவர் ஓய்ந்துவிடவில்லை. திரும்ப ஆக்ஸ்போர்டுக்குப் போய்ப் பட்டம் முடித்தார். பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பக் கஷ்டத்தைக் கேட்டு உதவி செய்து கொடுக்கும் சமூகநல அதிகாரியாகப் பயிற்சி பெற்று, 1947ல் அதே செயின்ட் தாமஸில் வேலைக்கு அமர்ந்தார். முதலில் தாதி, அடுத்து சமூகநல அதிகாரி, பின்னாளில் டாக்டர். இந்த மூன்று வேலையையும் ஒரே ஆள் செய்ததால்தான் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாதது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு சன்னலுக்குப் பணம்

வேலைக்குச் சேர்ந்த அந்த வருஷமே ஒரு நோயாளியைச் சந்தித்தார். பெயர் டேவிட் டாஸ்மா. போலந்து நாட்டு வார்சாவிலிருந்து வந்த யூதர். லண்டனில் சாப்பாட்டுக் கடையில் பரிமாறிப் பிழைத்தவர். வயசு நாற்பது. அறுவை செய்து எடுக்க முடியாத புற்றுநோய். உற்றார் உறவினர் கிடையாது. நம் மூதாதையர் கப்பலேறி வந்த காலத்தில், வந்த இடத்தில் நோயில் விழுந்தால் எப்படியிருந்திருக்குமோ, அப்படித்தான் அவர் நிலைமையும்.

அவர் மறுபடி மோசமாகி வேறொரு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சிசிலி அம்மையார் அடிக்கடி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். டாஸ்மாவுக்கு வலி மட்டும் வேதனை இல்லை. உலகத்தில் ஒரு தடயமும் இல்லாமல் போகிறோமே, வாழ்ந்ததற்கு என்ன அர்த்தம் என்பது அதைவிடப் பெரிய வேதனை. இப்படிச் சாகிறவர்கள் நிம்மதியாக இருக்க ஓர் இடம் கட்டினால் எப்படியிருக்கும் என்று இருவரும் பேசிப் பேசிக் கனவு கண்டார்கள். 1948 பிப்ரவரி 25ஆம் தேதி டாஸ்மா கண் மூடினார். தன் சேமிப்பில் 500 பவுண்டு பணத்தை சிசிலிக்கு எழுதி வைத்திருந்தார். அவர் கட்டப்போகும் இல்லத்தில் தான் ஒரு சன்னலாக இருக்க வேண்டும் என்பதே அவர் ஆசை.

பரிமாறும் தொழிலாளி ஒருவர் சேர்த்த காசு அது. இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஒரு மருத்துவத் துறைக்கு விழுந்த முதல் நன்கொடை அதுதான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கட்டடம் எழும்ப இன்னும் 19 வருஷம் ஆக வேண்டியிருந்தது. சன்னலுக்குக் காசு வந்துவிட்டது, சுவர்தான் இல்லை!

உறையுமுன் ஊற்ற வேண்டும்

அதே 1948ல் செயின்ட் லூக் என்ற இல்லத்தில், வேலை முடிந்த சாயங்கால நேரங்களில் சம்பளமில்லாத தாதியாக உதவி செய்யப் போனார். 1893ல், சாகக் கிடக்கும் ஏழைகளுக்கென்றே லண்டனில் தொடங்கிய இல்லம் அது. அங்கேதான் அவர் ஓர் அதிசயத்தைக் கண்டார். பெரிய ஆஸ்பத்திரிகளில் வலி தாங்காமல் புரண்ட அதே மாதிரி நோயாளிகள் இங்கே அமைதியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மருந்து ஒன்றும் புதிதில்லை, அதே மார்பின்தான். கொடுக்கிற முறைதான் வேறு.

அந்தக் காலத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளின் வழக்கத்தைக் கேளுங்கள். நோயாளிக்கு வலி வர வேண்டும். தாங்க முடியாமல் கேட்க வேண்டும். கேட்டாலும், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்பார்கள். அடிக்கடி கொடுத்தால் பழக்கமாகிவிடும், கடைசியில் கேட்காமல் போய்விடும் என்ற பயம். கெஞ்சிக் கதறிய பிறகு ஊசி போடுவார்கள். வலி முற்றிய பிறகு போடுவதால் அதிகமாகப் போட வேண்டியிருக்கும். நோயாளி மயங்கித் தூங்குவார். எழுந்தால் திரும்ப வலி, திரும்பக் கெஞ்சல். நடுவில் வலி இல்லாத நேரத்திலும் அடுத்த வலி எப்போது வருமோ என்ற நடுக்கம்.

செயின்ட் லூக்கில் அப்படி இல்லை. நாலு மணிக்கு ஒரு தரம், வாய்வழியாக, அளவாக. போன வேளை மருந்தின் வேகம் குறைவதற்கு முன்பே அடுத்த வேளை. நோயாளி கேட்கிறாரா என்று பார்ப்பதில்லை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள். இது நமக்குப் புரியாத விஷயமா என்ன? பால் மரம் வெட்டியவர்களைக் கேளுங்கள். மங்கில் பால் உறைந்த பிறகு எவ்வளவு அமோனியா ஊற்றி என்ன பயன்? உறைவதற்கு முன் சில சொட்டு ஊற்றினால் போதும். வலியும் அப்படித்தான். வரவிட்டு அடக்குவதற்கு நிறைய மருந்து வேண்டும், வராமல் தடுக்கக் கொஞ்சம் போதும்.

முப்பத்து மூன்று வயசில் மறுபடி பள்ளிக்கூடம்

இதைக் கண்ட அம்மையாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்போது அவர் நோர்மன் பேரட் என்ற பெயர்பெற்ற நெஞ்சு அறுவை டாக்டரிடம் வேலை செய்துகொண்டிருந்தார். மறுபடி தாதியாகி இவர்களைப் பார்க்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னார். பேரட் தடுத்தார். சாகிற நோயாளியைக் கைவிடுகிறவர்களே டாக்டர்கள்தான், தாதி சொன்னால் அவர்கள் காதில் வாங்க மாட்டார்கள், நீயே டாக்டராகிவிடு என்று புத்தி சொன்னார்.

மேலே இருப்பவன் கீழே இருப்பவன் பேச்சைக் கேட்பதில்லை என்பது வெளிக்காட்டில் மட்டும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் உண்டு! அம்மையார் அதை மனசில் வாங்கிக்கொண்டார். 1951ல், 33 வயசில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மருத்துவம் படிக்கத் தொடங்கினார். 1957ல் டாக்டரானபோது நாற்பதை நெருங்கியிருந்தார்.

அடுத்த ஆண்டே லண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைத் தொழிலாளிகள் வாழும் ஹாக்னிக்குப் போனார். அங்கே அயர்லாந்துக் கன்னிமார்கள் 1905 முதல் நடத்திவந்த செயின்ட் ஜோசப் இல்லம் இருந்தது. கன்னிமார்களிடம் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் வலிக்கு மருந்து முறைப்படி போகவில்லை. அம்மையார் நேரப்படி கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். வெறும் இரக்கத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன மருந்து, எவ்வளவு, எப்போது, வலி எப்படி என்று கணக்கு எழுதினார். நோயாளிகளின் பேச்சை டேப்பில் பதிவு செய்தார். ஏழு வருஷத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்குச் சேர்ந்தது. நேரப்படி வாய்வழி கொடுத்தால் நோயாளி மயங்கிக் கிடப்பதில்லை, மருந்துக்கு அடிமையாகிக் கேட்டுக்கொண்டே இருப்பதுமில்லை, வேளைக்கு வேளை அளவைக் கண்டபடி ஏற்ற வேண்டியதுமில்லை என்பதை அந்தக் கணக்கு காட்டியது. முதலாளியிடம் பேசப் போகும்போது கணக்கோடு போ என்று சங்கத்தில் நாம் சொல்வது போல, அவர் டாக்டர்களிடம் கணக்கோடு போனார்.

வலி உடம்பில் மட்டும் இல்லை

கேட்டுக் கேட்டு அவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். வலி எங்கே என்று கேட்டால் நோயாளிகள் முதுகு, வயிறு என்று தொடங்குவார்கள். கொஞ்ச நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் வேறு கதை வரும். பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், வேலை போய்விட்டதே, வீட்டு வாடகை பாக்கி நிற்கிறதே, நான் என்ன பாவம் செய்தேன், சாமி ஏன் என்னைச் சோதிக்கிறார். எல்லாம் சேர்ந்ததுதான் வலி. உடம்பு, மனசு, குடும்பமும் பணமும், கடவுள் நம்பிக்கையும் வாழ்வின் அர்த்தமும் என்று நாலு பக்கமும் சேர்ந்த இதை முழு வலி என்று 1960களில் பெயர் சொல்லி எழுதினார். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் மற்ற மூன்றும் விடாது.

வேலை போனால் வீடும் போகும் என்று வாழ்ந்த தோட்டத்து ஜனத்துக்கு இதைவிட நன்றாக யாருக்குப் புரியும்? படுத்த படுக்கையான தகப்பனுக்கு வயிற்று வலிக்கு மாத்திரை கொடுக்கலாம். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்துக்கு எந்த மாத்திரை கொடுப்பது? அதனால்தான் இந்த வைத்தியத்தில் டாக்டரும் தாதியும் மட்டும் போதாது, குடும்ப விவகாரம் பார்க்கிறவரும், வேண்டுமென்றால் மத குருவும் கூட இருக்க வேண்டும் என்று அம்மையார் வற்புறுத்தினார்.

அவர் வலியைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர் அல்ல. செயின்ட் ஜோசப்பில் அந்தோனி மிக்னியேவிச் என்ற போலந்துக்காரர் நோயாளியாகக் கிடந்தார். இருவருக்கும் இடையே ஆழமான அன்பு மலர்ந்தது. சில வாரங்களில், 1960ல், அவர் காலமானார். அடுத்த வருஷமே தகப்பனாரும் போய்விட்டார். துக்கம் அவரை உலுக்கியது. பின்னாளில் நோயாளியோடு இறந்தவரின் குடும்பத்தையும் தேடிப் போய் விசாரிக்கும் ஏற்பாட்டை அவர் செய்ததற்கு, சொந்தத் துக்கமும் ஒரு காரணம் என்று நாம் நினைக்கிறோம்.

சுவர் எழும்பியது

1967ல் தெற்கு லண்டன் சிடன்ஹாம் பகுதியில் செயின்ட் கிறிஸ்டபர் இல்லம் திறக்கப்பட்டது. கிறிஸ்தவர்கள் வழிப்போக்கரின் காவலர் என்று நம்பும் மகானின் பெயர் அது. 54 படுக்கைகள். வார்டில் வெளிச்சம் வரும் பெரிய சன்னல்கள், சுவரில் ஓவியங்கள். பேரப்பிள்ளைகள் வந்து பார்க்கத் தடையில்லை. வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஓர் இடமும் வைத்தார்கள். நம் தோட்டத்து ஆயாக் கொட்டகை மாதிரி! டாஸ்மாவுக்கென்று ஒரு சாதாரணக் கண்ணாடிச் சன்னல் வாசல் பக்கத்தில் வைக்கப்பட்டது.

அம்மையார் ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தி உள்ளவர். இந்த வேலையைக் கடவுள் தனக்கு இட்ட கட்டளை என்றே நம்பினார். ஆனால் இல்லத்தின் கதவு எல்லா மதத்தாருக்கும், மதமே வேண்டாம் என்பவர்களுக்கும் திறந்திருந்தது. முதல் சன்னலே ஒரு யூதருடையது அல்லவா!

இப்படிப்பட்ட இடத்தில் டாக்டரும் தாதியும் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். படுக்கைப் பக்கம் நின்றபடி பேசுவதில்லை, நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். எங்கே வலி, எப்போது வருகிறது, தூக்கம் வந்ததா என்று கேட்கிறார்கள். மார்பின் மலத்தைக் கட்டும், அதனால் கூடவே அதற்கும் மருந்து தருகிறார்கள். வாந்தி, மூச்சுத் திணறல், வாய்ப்புண், படுக்கைப் புண் எதுவும் சின்ன விஷயம் என்று விடுவதில்லை. நோயைக் குணமாக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். இருந்தும் செய்ய எவ்வளவோ இருக்கிறது என்பதுதான் அவர்கள் படித்த பாடம்.

தினமும் சாவைப் பார்க்கிற வேலைக்கு ஏன் வருகிறார்கள்? சாவின் மேல் ஆசையா? இல்லை. நேற்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் இன்று எழுந்து உட்கார்ந்து மகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறார். அதைக் கண்ணால் காண்பதுதான் அவர்களுடைய கூலி. சிலர் பக்தியால் வருகிறார்கள். சிலர் தாயையோ தகப்பனையோ வேதனையில் பறிகொடுத்துவிட்டு, இனி ஒருவருக்கும் அப்படி நடக்கக் கூடாதென்று வருகிறார்கள். ஆனால் அன்பு மட்டும் இருந்தால் ஆள் தாக்குப் பிடிக்காது என்பதை அம்மையார் அறிந்திருந்தார். கோலின் மரே பார்க்ஸ் என்ற மனநல டாக்டரைக் கூட வைத்துக்கொண்டு, துக்கத்தில் இருக்கும் குடும்பங்களைப் பார்த்ததோடு, வேலை செய்பவர்களின் மனச்சுமையைப் பேசித் தீர்க்கவும் வழி செய்தார். ஆனால் அம்மையார் ரொம்பக் கண்டிப்பானவர். அவரோடு வேலை செய்வது லேசல்ல என்று கூட இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஊசி போட்டு நோயாளியின் உயிரை முடித்துவிடலாம் என்ற சட்டத்தை அவர் கடைசி வரை எதிர்த்தார். குழாயும் யந்திரமும் மாட்டிச் சாவை இழுத்தடிப்பதையும் அவர் விரும்பவில்லை. வலியைத் தீர்த்து, தனிமையைப் போக்கினால், மனிதன் தன் நேரம் வரும் வரை மனிதனாக வாழலாம் என்பது அவர் கட்சி.

வீட்டு வாசலுக்கு வந்த வைத்தியம்

1969ல் இல்லத்துத் தாதிகள் நோயாளிகளின் வீட்டுக்கே போகத் தொடங்கினார்கள். சொந்த வீட்டில், சொந்த ஜனத்தோடு கடைசி நாட்களைக் கழிக்க விரும்புகிறவர்கள்தானே அதிகம்? 1971ல் ராபர்ட் டுவைகிராஸ் என்ற இளம் டாக்டர் அங்கே ஆராய்ச்சிக்கு வந்தார். விலக்கி வைத்த ஹெரோயின் மருந்துதான் உசத்தி என்று பலர் நம்பிய காலம் அது. முறைப்படி வாய்வழி கொடுத்தால் சாதாரண மார்பினே போதும் என்று அவர் காட்டினார். ஹெரோயினுக்குத் தடை உள்ள நாடுகளுக்கும் அதனால் வழி பிறந்தது.

அமெரிக்காவில் 1974லும், கனடாவின் மொன்றியலில் 1975லும் இந்தச் சேவை தொடங்கியது. இங்கிலாந்தில் 1987ல் இதைத் தனி மருத்துவப் பிரிவாகவே ஏற்றுக்கொண்டார்கள். நம் பக்கத்துக்கும் வந்தது. சிங்கப்பூரில் 1985ல் கன்னிமார்கள் நடத்திய செயின்ட் ஜோசப் இல்லத்தில் 16 படுக்கைகளோடு தொடங்கியது. மலேசியாவில் 1991ல் ஹோஸ்பிஸ் மலேசியா உருவாகி, கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடிப் போய், பணம் வாங்காமல் பார்த்து வருகிறது. அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும் இதற்கென்று டாக்டர்கள் இருக்கிறார்கள்.

அம்மையாருக்கு 1979ல் டேம் பட்டமும், 1989ல் நாட்டின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஆர்டர் ஆப் மெரிட்டும் கிடைத்தன. 1980ல், 61 வயசில், மரியன் பொகுஷ் என்ற போலந்து ஓவியரை மணந்தார். கணவர் 1995ல் செயின்ட் கிறிஸ்டபரிலேயே கண் மூடினார். பத்து வருஷம் கழித்து, 2005 ஜூலை 14ஆம் தேதி, மார்புப் புற்றுநோயால் அம்மையாரும் அதே இல்லத்தில் காலமானார். வயசு 87. பிறருக்காகக் கட்டிய கட்டிலில், பிறருக்காக வகுத்த முறைப்படியே பராமரிக்கப்பட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அன்பர்களே, இந்த வரலாற்றைப் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது தீராத நோயில் கிடந்தால், முதலில் அவர் வலியை மறைக்காமல் சொல்லட்டும். பொறுத்துக்கொள்வதற்கு மெடல் யாரும் கொடுக்கப் போவதில்லை. இரண்டாவது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். வலிக்கு என்ன செய்வீர்கள், வலி தணிப்பு டாக்டர் இருக்கிறாரா, வீட்டுக்குத் தாதி வருவார்களா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் படித்த பிள்ளையையோ சங்கத்து ஆளையோ கூட அழைத்துப் போங்கள். மூன்றாவது, மார்பின் என்றதும் அபின் என்று பயந்து ஓடாதீர்கள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுங்கள். வலி இல்லையே என்று வேளையைத் தள்ளிப் போடாதீர்கள். வேளைக்குக் கொடுப்பதால்தான் வலி இல்லை. மருந்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நமக்குச் சேர வேண்டியவை என்று நாம் பட்டியல் போடும்போது, கூலி, வீடு, தண்ணீர், பள்ளிக்கூடம் என்று எழுதுவோம். உழைத்து ஓய்ந்த உடம்பு வலியில்லாமல் அடங்குவதையும் அந்தப் பட்டியலில் எழுதுவோம்.